நகக்கண்ணில் மண்

ஜூலை 6, திங்கள்

இன்று முழுக்கப் பயந்த முகங்கள். பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவளுக்கு வேறென்ன காணக் கிடைக்கும்? ஒரு பெரியவர் தன் முறை வந்ததும், "வலி போயிடுச்சும்மா, நாளைக்கு வரேன்" என்று எழுந்து போய்விட்டார். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் என் முகமும் அப்படித்தான் இருக்கிறது.

வந்ததும் பின்கதவைத் திறந்தேன். உருளைச் செடிகள் இடுப்பளவுக்கு நிற்கின்றன. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்னங்க இது, காடு மாதிரி நிக்குது. கண்ணு பட்டுடப் போவுது" என்றார். வெங்காயப் பாத்தி அந்தப் பக்கம், தாழ்வில், யாரும் கவனிக்காத இரண்டாவது பிள்ளை மாதிரி தானே வளர்ந்துகொண்டிருக்கிறது.

இவர், என் கணவர், மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டிக் கம்பெனியை மூடியதிலிருந்து எதையாவது துடைத்துக்கொண்டேதான் இருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே மெஷினில் நின்றவர். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சமையலறைக் கதவு ஆணியில் அந்தச் சாக்கு தொங்குகிறது. அண்ணன்காரர் மாட்டிவிட்டுப் போனது. இவருடைய ஒரே அண்ணன். தூரத்து ஊரில் டைல்ஸ் கடை. போன தடவை வந்தபோது இவர், பின்னால் இருக்கும் காலி நிலத்தையும் வீட்டுச் சொந்தக்காரம்மாவிடம் கேட்டு வாங்கிக் காய்கறி போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அண்ணன் சிரித்து முடித்து, காரிலிருந்து ஒரு காலிச் சாக்கை எடுத்து வந்து மாட்டினார். "இதுல கெழங்கு நெறயட்டும்டா, அப்புறம் பேசுவோம். நெறயலன்னா சாமானக் கட்டு. எங்கூட வந்து குடோனப் பாத்துக்கோ. மாடி காலியாத்தான் கெடக்கு." இவர் தலையாட்டினார்.

அந்த மாடி எனக்குத் தெரியும். கீழே ஓரகத்தி, மேலே நான். மேலே குழாயைத் திறந்தால் கீழே கேட்கும். கடையில் நாலு பேர் முன்னால் அண்ணன் இவரை "டேய்" என்பார். இவர் அதற்கும் தலையாட்டுவார். இந்த மனுஷன் தலையாட்டித் தலையாட்டியே தேய்ந்துபோவார். கிழங்கு வரவேண்டும். வந்தே ஆகவேண்டும்.

அதனால்தான், இவர் குளிக்கப் போன நேரத்தில் செடிகளுக்கு இன்னொரு கை உரம். வாரா வாரம் போடுகிறேன், இவருக்குத் தெரியாமல். தெரிந்தால், என் மேல் நம்பிக்கை இல்லையா என்று ஒரு முகம் வைப்பார்.

ஜூலை 9, வியாழன்

வெங்காயத் தாள் இரண்டு மூன்று சாய்ந்திருக்கிறது. முற்றுகிறதாம்.

ஜூலை 12, ஞாயிறு

எழுதுவதற்கே கை வரவில்லை.

இவர் முடி வெட்டப் போயிருந்தார். கிழங்கு எந்த அளவுக்குத் திரண்டிருக்கிறது என்று பார்க்கலாமென்று ஓரத்துச் செடியின் அடியில் கையை விட்டேன். செடியைப் பிடுங்கவில்லை. விரலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, மணிக்கட்டு வரை. நூல் நூலாக வேர். விதைக்கிழங்கு அழுகிப்போய்க் கொழகொழவென்று கையில் ஒட்டியது. வேறு ஒன்றுமில்லை.

ஒரு செடி அப்படி இருக்கலாம். அடுத்ததில் விட்டேன். அதிலும் இல்லை. மூன்றாவதில் கோலிக்குண்டு அளவுக்கு ஒன்று.

மேலே காடு. கீழே காலி.

மண்ணை மூடி, தட்டி, மேலே காய்ந்த இலையைப் போட்டுவிட்டு வந்தேன். இவர் திரும்பி வந்து, "என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார். வெயில் என்றேன்.

ஜூலை 13, திங்கள்

சொல்லிவிடலாமா?

எப்படிச் சொல்வது? காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் செடிப் பக்கம்தான் போகிறார். அங்கே குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்க்கிறார். டீ ஆறிப்போகிறது. கம்பெனி மூடிய அன்றைக்கு வந்தாரே, டிபன் பாக்ஸைத் திறக்காமல் அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு... அந்த முகத்தை இன்னொரு தரம் என்னால் பார்க்க முடியாது. சொல்ல மாட்டேன். இன்னும் நாள் இருக்கிறது. தண்ணீர் கூடுதலாக விட்டுப் பார்க்கிறேன்.

ஜூலை 16, வியாழன்

அண்ணன்காரர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் இவர். போனைப் பிடித்துப் பேசினால் காது சுடுகிறதாம்.

"என்னடா, சாக்கு நெறஞ்சுதா?"

"ஆகஸ்ட் ரெண்டாந்தேதி தோண்டலாம்னு இருக்கேண்ணே. ஞாயித்துக்கெழம. நீங்களும் அண்ணியும் வந்துடுங்க."

நான் காயை நறுக்குவதை நிறுத்திவிட்டேன். யாராவது கூப்பிடச் சொன்னார்களா? கொடுத்த வாக்கை இனி எப்படித் திரும்ப வாங்குவது? போனை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்க்கவேயில்லை. கை கழுவப் போய்விட்டார். இரண்டு தடவை சோப்புப் போட்டார்.

ஜூலை 19, ஞாயிறு

சண்டை.

உருளைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். குழாயைப் பிடுங்கி மூடினார். "அங்க ஊத்துற தண்ணி எல்லாம் கீழ வெங்காயத்துக்குத்தான் ஓடுது. தாளு சாஞ்சப்புறம் வெங்காயத்துக்குத் தண்ணி ஆகாது. எத்தன தடவ சொல்றது?"

"வெங்காயம் கெடந்தா கெடக்கு. கெழங்குதான முக்கியம்?"

"ஏன், வெங்காயம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒங்க அண்ணன் வெங்காயத்தையா கேட்டாரு?" என்று கத்திவிட்டேன். தையல்காரம்மா வீட்டில் மெஷின் சத்தம் நின்றது. காது கொடுத்துக் கேட்கிறார். கேட்கட்டும்.

இவர் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டினால் நானும் உண்மையைக் கொட்டியிருப்பேனோ என்னவோ.

ஜூலை 22, புதன்

பல் பிடுங்க வந்த ஒருவர் விவசாயி. ஊசி போட்டுப் பாதி வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர் வீட்டுச் செடி என்று சொல்லிக் கேட்டேன். பாவம், வாய் ஒரு பக்கம் இழுக்க, எச்சிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். உரம் மிஞ்சிவிட்டதாம். இலைக்கே எல்லாம் போய்விட்டதாம். இனி தண்ணீர் ஊற்றினாலும் ஒன்றும் நடக்காதாம்.

உரம் மிஞ்சிவிட்டது. நான் போட்ட அந்த ஒரு கை.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு பேருக்கு டோக்கனை மாற்றிக் கொடுத்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இவர் போட்ட உரம் சரியாகத்தான் இருந்திருக்கும். அளவு பார்த்துச் செய்கிற மனுஷன். கெடுத்தவள் நான். இனி எந்த வாயால் சொல்வேன்?

ஜூலை 25, சனி

வெங்காயத்தில் பத்துப் பதினைந்து கழுத்தில் கொழகொழத்துவிட்டது. நான் விட்ட தண்ணீர்தான். இவர் இன்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார். தாளோடு, மண்ணோடு, பின்கூரையின் நிழலில் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறார். ஒன்று மேல் ஒன்று படாமல். கெட்டதைத் தனியாக ஒதுக்கினார். யாரால் கெட்டது என்று கேட்கவில்லை. மீதி நன்றாகத்தான் இருக்கிறது. சில என் கையில் அடங்கவில்லை.

பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. ஆணியில் தொங்கும் சாக்கில்தான் நிற்கிறது.

ஜூலை 29, புதன்

முடிவு செய்துவிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வேலை முடிந்து, நம் தெருக் காய்கறிக் கடைக்குப் போகவில்லை. அங்கே வாங்கினால் நாளைக்கே, "அன்னிக்கு வாங்குன கெழங்கு எப்படி இருந்துச்சு?" என்று கடைக்காரர் இவரிடமே கேட்பார். பஸ் பிடித்து அந்தப் பெரிய கடைக்குப் போனேன். இவர் நட்டது சிவப்புத் தோல் விதை. சிவப்புத் தோல் கிழங்கு அங்கே கழுவித் துடைத்துச் சிவப்பு வலைப் பையில் போட்டு வைத்திருக்கிறார்கள். தூக்க முடிந்த மட்டும் வாங்கினேன். ஆஸ்பத்திரித் துணிப்பையில் அடியில் போட்டு, மேலே என் சால்வை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், "என்னங்க இவ்ளோ கனமா?" என்றாள். பழைய பேப்பர் என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் மறைக்கப் போவது மண்ணில்.

ஜூலை 30, வியாழன்

லீவு சொன்னேன். இவரை மின்சாரக் கட்டணம் கட்ட அனுப்பினேன். அங்கே எப்போதும் வரிசை இருக்கும்.

முன்வரிசை முழுக்கப் புதைத்தேன். செடிக்கு ஐந்தாறு. மூலையில் இருக்கும் செடிக்கும் மிச்சம் இருந்ததை அள்ளித் திணித்தேன். பின்வரிசைக்குப் போதவில்லை. முன்னாலிருந்துதானே யாரும் தோண்டுவார்கள்? கழுவின கிழங்கு பளபளவென்று இருந்தது. ஒவ்வொன்றாக ஈர மண்ணில் புரட்டி, தேய்த்து... கல்யாண வீட்டில் பெண்ணுக்கு அலங்காரம் செய்வதுபோல. சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை.

பாதியில் மதிலுக்கு மேல் தலை. "என்னங்க, மண்ணக் கிண்டுறீங்க?"

"செடி அடிக்கு மண்ணு அணைக்கிறேங்க."

"இப்பவா? தோண்டப் போற நேரத்துலயா?"

"அவரு சொன்னாரு" என்றேன். தையல்காரம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

இவர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். வரிசையே இல்லையாம். நான் அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் மண் போகவில்லை.

ஜூலை 31, வெள்ளி

முன்வரிசையில் ஒரு செடி வாடி நிற்கிறது. வேரை அறுத்திருப்பேன். இவர் அதன் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "வெயிலு" என்றார், தனக்குத்தானே.

ஆகஸ்ட் 1, சனி

நாளைக்கு.

சாக்கை ஆணியிலிருந்து எடுத்து உதறி மடித்து வைத்தார். அவசரமே இல்லை. இவருக்கு எப்படி இவ்வளவு நிம்மதி? பாவம், ஒன்றும் தெரியாத மனுஷன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

முறையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் நடந்தது என்று நம்புவேன்.

காலையில் காரில் வந்தார்கள். அண்ணன்காரர் வெள்ளைச் சட்டை. ஓரகத்தி வந்ததும் வராததுமாகச் சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தார். டீ குடித்தார்கள். "சரி, பொதையலத் தோண்டுடா" என்றார் அண்ணன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சும்மா சொன்னதுதான்.

இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பின்வரிசைக்குப் போனார்.

பின்வரிசைக்கு. நான் ஒரு கிழங்குகூடப் புதைக்காத இடத்துக்கு.

முதல் செடியைப் பெயர்த்தார். வேர், மண், அழுகின விதை. குனிந்து விரலால் துழாவினார். ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. அண்ணன்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னடா, கெழங்கு லீவுல போயிருக்கா?" என்றார். இவர் நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

நான் முந்திக்கொண்டேன். "முன்வரிசையத் தோண்டுங்க. அங்கதான் வெயில் நல்லா படும்."

இவர் என்னைப் பார்த்தார். மெதுவாக முன்னால் வந்தார். ஒரு குத்துத்தான். உருண்டு உருண்டு வந்தன, ஐந்து, ஒரே அளவில். ஓரகத்தி, "அடடே" என்றார். அண்ணன்காரர் குனிந்தார். "பரவால்லியேடா."

இவர் குந்தி உட்கார்ந்தார். ஒரு கிழங்கை எடுத்துக் கட்டை விரலால் தோலை அழுத்தித் தேய்த்தார். பச்சைச் செடியிலிருந்து அப்போதுதான் எடுத்த கிழங்கென்றால் தோல் உரியும் என்று இவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். உரியவில்லை. மறுபடி தேய்த்தார்.

அடுத்த செடியில் இன்னும் நாலு. அவற்றோடு ஒரு துண்டுச் சிவப்பு வலை.

அண்ணன்காரர்தான் அதை எடுத்தார். இரண்டு விரலில் தூக்கிப் பிடித்தார். "ஏண்டா, ஒன் தோட்டத்துல கெழங்கு பையோடவே காய்க்குமா?"

கையும் களவுமாக என்பார்களே, அது. நான்தான் என்று சொல்ல வேண்டும், சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

"நான்தாண்ணே வாங்கிப் பொதச்சேன்" என்றார் இவர்.

அண்ணன்காரர் சிரித்த சிரிப்பு. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். "கடைல வாங்கி... தோட்டத்துல பொதச்சு... என்னையக் கூப்ட்டு... டேய், டேய்." தையல்காரம்மாவின் தலையும் மதிலுக்கு மேல் வந்துவிட்டது. இவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றார். தலையாட்டவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை அசையவேயில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் சொன்னார். "நான் வரலண்ணே. சாக்கு நெறஞ்சிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். நெறயாட்டியும் வரல. மொத தடவ கெழங்கு வரல, அவ்ளோதான். அடுத்த தடவ பாக்கலாம். இதச் சொல்லத்தான் ஒங்கள வரச் சொன்னேன்."

"போன்ல சொல்றதுக்கென்ன?"

"போன்ல நீங்க கேக்க மாட்டீங்க."

அண்ணன்காரர் சட்டையில் ஒட்டின மண்ணைத் தட்டினார். பிறகு நிழலில் கிடந்த வெங்காயத்தைப் பார்த்தார். அப்போதுதான் பார்க்கிறார். "இதுவும் கடையா?"

"இல்லண்ணே. அது நெசம்."

ஒன்றை எடுத்துக் காய்ந்த தோலை உரித்து முகர்ந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான். வேறு காரணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

சமையலறையில் பாத்திரம் துலக்கும்போது ஓரகத்தி என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "யாரு பொதச்சான்னு எனக்குத் தெரியும். டீ குடுக்கும்போதே ஒன் நகத்தப் பாத்தேன்" என்றார். நான் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "நானா இருந்தாலும் பொதச்சிருப்பேன். மாடிக்கு வராம இருக்க என்ன வேணா செய்யலாம். நானே கீழ்வீட்டுல எப்படி இருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா?" அதற்குள் அண்ணன்காரர் கூப்பிட்டார். போய்விட்டார்.

போகும்போது சாக்கில் வெங்காயம் அள்ளிக் காரில் வைத்தார் இவர். கால் சாக்குக்குக்கூட வரவில்லை. ஆணி காலியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, திங்கள்

நேற்று அவர்கள் போனபிறகும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இன்று காலை டீயை வைத்துவிட்டு நானே ஆரம்பித்தேன். "எனக்காக ஏன் நீங்க அவமானப்படணும்?"

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கெழங்கு இல்லன்னு. போன மாசம் ஆரம்பத்துலயே கைய விட்டுப் பாத்துட்டேன்."

அப்படியானால் அந்தக் காலை நேரக் குந்தல், ஆறின டீ, இரண்டு தடவை சோப்பு... "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒனக்குத் தெரிஞ்சா தூங்க மாட்ட. தோண்டுற அன்னிக்கு அண்ணன்ட்ட சொல்லும்போது நீயும் கேட்டுக்கட்டும்னு விட்டுட்டேன். நேத்து மண்ணுக்குள்ளேர்ந்து கெழங்கு வந்ததும் எனக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு நின்னுடுச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம். மூன்று வாரம் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன், இவர் தெரிந்துகொண்டே டீ குடித்திருக்கிறார். கத்தினேன். முழுக்கக் கத்தி முடித்தபிறகு, கடைசியில், உரம் போட்டதையும் சொன்னேன். வாரா வாரம், ஒரு கை.

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எப்போ போடுவ?"

"நீங்க குளிக்கப் போறப்போ."

"நீ வேலைக்குக் கெளம்புனதும் நானும் ஒரு கை கூடுதலாப் போடுவேன். நீ பாத்தா, செடி சரியில்லையோன்னு பயப்படுவியேன்னு."

ஒரே குழியில் இரண்டு பேரும் கையை விட்டிருக்கிறோம். கைகள் முட்டிக்கொள்ளாததுதான் அதிசயம். அந்தச் செடி என்ன செய்யும்? ஆளுக்கு ஆள் ஊட்டிவிட்டால் இலையைத்தான் விடும்.

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. வேலைக்குத் தாமதம். டாக்டர் திட்டினார்.

ஆகஸ்ட் 20, வியாழன்

பின்னால் இருக்கும் நிலத்தில் பாதியைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரம்மா. இவருக்குச் சைக்கிள் கடையில் அரை நாள் வேலை கிடைத்திருக்கிறது. அரை நாள் மெஷின், அரை நாள் மண். துடைப்பது குறைந்திருக்கிறது.

வெங்காயத்தைத் தாளோடு பின்னிச் சமையலறையில் தொங்கவிட்டிருக்கிறோம், அந்த ஆணியில். அண்ணன்காரர் போன் செய்து, "அண்ணி கேக்குறா, வெங்காயம் இன்னும் இருக்கா?" என்றார். அவர் கேட்கிறாரா, அண்ணி கேட்கிறாரா, யாருக்குத் தெரியும்? பையோட காய்ச்ச கெழங்கையும் விசாரித்தார். அதை இனி ஆயுசுக்கும் விட மாட்டார்.

இன்னொன்று. மூலையில் நான் மிச்சத்தைத் திணித்தேனே, அதை அன்றைக்கு யாரும் தோண்டவில்லை. நானும் மறந்துவிட்டேன். இன்று பார்த்தால் பழைய தண்டுக்குப் பக்கத்தில் ஏழெட்டுத் தளிர். கடைக்கிழங்கு முளைத்திருக்கிறது. பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன்.

"விடு. அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். உரத்துக்கு மட்டும் ஒரு ஒப்பந்தம்: போடுவதானால் இரண்டு பேரும் நின்று போடுவது.

அக்டோபர் 18, ஞாயிறு

மூலைச் செடிகள் முழங்கால் அளவுதான். காடு இல்லை. தையல்காரம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். "இன்னும் ரெண்டு வாரம் போவட்டும்" என்றார் இவர். "அதுக்குள்ள கைய விட்டுப் பாக்கக் கூடாது."

"நான் ஏன் பாக்கப் போறேன்?" என்றேன்.

"நானும் பாக்கல."

தட்டில் கை வைக்கப் போனவர் என் விரல்களைப் பார்த்தார். நான் இவர் விரல்களைப் பார்த்தேன்.

"எத்தன?" என்றார்.

"மூணு. சொவத்தோரம் இருக்குற செடி. நீங்க?"

"நடுச்செடில நாலு. ஒண்ணு எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கு."

"பிடுங்கிடலியே?"

"தொட்டுப் பாத்துட்டு மூடிட்டேன்."

இருவரும் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தோம். சாப்பாடு கொஞ்சம் ஆறியிருந்தது.